சென்றாயன் காட்டிய அம்மா

ஓசூர்,
11.2.1991

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். என் பிள்ளை உன் வீட்டில் இருக்கும்போது உனக்கென்ன குறை?

வெள்ளிக்கிழமை சேலத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதைக் கோர்ட் என்றே சொல்ல முடியாது. கூண்டு இல்லை, கறுப்புக் கோட்டு இல்லை, காக்கிச்சட்டை இல்லை. பள்ளிக்கூடத்து அறை மாதிரி ஒரு மேசை, நடுவில் மாஜிஸ்திரேட், பக்கத்தில் கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மாள். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளை மிரட்டக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்களாம். இவ்வளவு தன்மையாகப் பேசுகிறார்களே, இனி பயமில்லை என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அந்த அம்மாள் அவனிடம் கேட்டாள்: "உங்க அம்மா யாருப்பா? கை காட்டு பாக்கலாம்."

சென்றாயன் என்னைத் தாண்டி உன்னைக் காட்டினான்.

நீ என்ன செய்திருக்க வேண்டும்? "நான் பெரியம்மாங்க, பெத்தவ இதோ நிக்கறா" என்று சொல்லியிருக்க வேண்டும். நீயோ முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ராணி மாதிரி முன்னால் போனாய். அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாய். ஒரு வருஷம் இவன் நல்லபடியாக நடக்க நான் பொறுப்பு என்று அம்மாவாக ஒப்புக்கொண்டு, என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாரூர் பஸ் ஏறினாய். நான் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வந்தேன்.

நான் குடியிருக்கும் லைன் வீட்டு வரிசையில் இருந்த பெரிய பையன்கள் ஒரு கம்பெனி யார்டில் சுவரேறிக் குதித்துச் செம்புக் கம்பி எடுத்தார்கள். இவன் வெளியே நின்று சாக்கைப் பிடித்தான். அது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வயது தாண்டிய அவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். இவனுக்குப் பதினான்கு என்பதால் சேலத்துச் சிறுவர் இல்லத்தில் வைத்தார்கள். அங்கே ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தவள் நான். ஸ்டேஷன் வாசலில் நின்றவள் நான். பல்ப் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் தினம் ஒரு பொய் சொல்லி லீவு வாங்கியவளும் நான்தான். நீ எப்போது வந்தாய்? கடைசி நாளில், நன்னடத்தை ஆபீசர் போட்ட கார்டைப் பார்த்துவிட்டு வந்தாய்.

வீட்டுக்காரர் மாதப்பனார் இருந்த காலத்திலேயே எனக்குத் தெரியும், அவனை நீ விடமாட்டாய் என்று. லாரி கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்த பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு நான் ஓசூருக்குப் புறப்பட்ட அன்று, "போயேன், அழுதுகிட்டு திரும்பி வருவே" என்றாய். உன் வாய் பலித்துவிட்டது. சந்தோஷமா?

நாராயணம்மா

*

பாரூர்,
17.2.1991

நாராயணிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ரெண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள், எழுதினாலும் திட்டித்தான் எழுதுவாய் என்று தெரியும். பரவாயில்லை. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நீதான் எட்டாவது வரைக்கும் படித்தவள், கூட்டிப் படித்துக்கொள்.

நான் முன்னால் போனேன் என்கிறாய். அந்த அம்மாள் அடுத்து உன்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டாளே, அதை ஏன் எழுதவில்லை? "சின்னம்மாங்க" என்று அவன் சொன்னான். நீ தலையை ஆட்டினாய். நான் கண்ணால் பார்த்தேன். மாடு மாதிரி ஆட்டிவிட்டு இப்போது என் மேல் பாய்கிறாய்.

ஏன் ஆட்டினாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வராந்தாவில் அந்த நன்னடத்தை ஆபீசர் சௌந்தரராஜன் சொன்னார், "அம்மா ஷிப்டுக்குப் போயிட்டா பையனை யார் பாக்கறது? அதே லைன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினா அதே சகவாசம்தானே?" என்று. உனக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. நான் பெற்றவள் என்று நீ வாயைத் திறந்தால் அவனைத் திரும்ப இல்லத்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாய். நானும் அதே பயத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போய் ராணி என்கிறாய்.

அவன் என்னை அம்மா என்று கூப்பிடுவது யார் பழக்கியது? அவன் பிறந்த அன்றைக்கு என் மடியில் போட்டு, "அக்கா, இவன் உன் புள்ள. என்னைச் சின்னம்மான்னு கூப்பிடட்டும்" என்று சொன்னது யார்? நானா கேட்டேன்?

ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பிள்ளை இல்லையென்று வீட்டில் கூடிப் பேசினார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வருவதற்கு உன் தங்கச்சியே வரட்டும் என்றார்கள். என் புருஷனுக்கு நானே தட்டு எடுத்துக்கொண்டு வந்து உன்னைப் பெண் கேட்டேன். அன்றைக்கு எனக்கு வயிறு எரியவில்லை என்று நினைத்தாயா? உனக்கு மசக்கை வந்து புளி கேட்டபோது புளியை உருட்டிக் கொடுத்தவள் நான்தான். கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். உன் எரிச்சல் நேற்று வந்தது. என்னுடையதற்கு உன் பிள்ளையின் வயதுக்கு மேல் ஆகிறது.

அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இரு. கோர்ட்டில் பொய் சொன்னோம் என்று தெரிந்தால் அவனைத்தான் பிடித்து வைப்பார்கள்.

நஞ்சம்மா

*

ஓசூர்,
30.4.1991

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியில் அடுக்கும்போது இரண்டு பல்புகள் கையிலேயே உடைந்தன. சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

நான் வந்தபோது அவன் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும் சேறு. தோள் அகன்றிருக்கிறது. ஓசூரில் இருந்தவரை எலும்பும் தோலுமாக இருந்தவன். பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம், இந்தச் சதை என் சோற்றில் பிடிக்கவில்லையே, உன் களியில்தானே பிடித்தது என்று தோன்றிவிட்டது. பெற்ற தாய்க்கு வரக்கூடிய நினைப்பா இது? வந்தது, எழுதுகிறேன்.

அதுகூடப் பெரிதில்லை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். எதில்? விருந்தாளிகளுக்கென்று பரணில் கவிழ்த்து வைத்திருப்பாயே, அந்த எவர்சில்வர் சொம்பில். துடைத்து, பளபளவென்று. ரெண்டு கையாலும் நீட்டினான். பதினாறு வருஷம் அந்த வீட்டில் குடத்திலிருந்து மொண்டு குடித்தவளுக்கு விருந்தாளிச் சொம்பு!

அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்றால், "சின்னம்மா, பஸ்சுக்கு நேரமாவலையா?" என்கிறான். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. என்னை அனுப்பிவிட அவ்வளவு அவசரம். நீ பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் ராகி புடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவள் மாதிரி இருந்தாய். உன் முகத்தில் சிரிப்பு இருந்தது அக்கா. மறைக்கப் பார்த்தாய், முடியவில்லை.

தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து விட்டிருக்கிறாய். அவனுக்குச் சளி பிடிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் முடிவு செய்துவிட்டேன். அந்த சௌந்தரராஜன் சாருக்கு உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். நான்தான் பெற்றவள் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இன்னும் எட்டு ஒன்பது மாதம் போனால் அவன் ஓசூர் என்ற ஊரையே மறந்துவிடுவான். நீ அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நாராயணம்மா

*

பாரூர்,
6.5.1991

நாராயணி,

அந்த வேலையைச் செய்யாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஆபீசர் மாசாமாசம் வருகிறார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, அவனிடம் கணக்குப் புத்தகம் கேட்கிறார், மோர் குடிக்கிறார், போகிறார். போன தடவை, "இப்படியே இருந்தா பயமில்லம்மா" என்றார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்பதாவதில் சேர்த்துவிடுகிறேன் என்று எட்மாஸ்டரும் ஒத்துக்கொண்டார். எல்லாம் சரியாகிக்கொண்டு வரும்போது நீ கல்லைத் தூக்கிப் போடாதே.

நான் சிரித்தது உண்மை. எனக்குச் சிரிக்க வேறென்ன இருக்கிறது?

அவன் ஏன் என்னைக் கை காட்டினான் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவனே சொன்னான். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. வற்புறுத்தாதே.

நஞ்சம்மா

*

ஓசூர்,
12.6.1991

அக்கா,

எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுதினேன். அவன் உன்னைக் காட்டியதற்குக் காரணம் உண்டு, சொல்ல மாட்டேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரி என்னைப் பைத்தியமாக்கிவிட்டது. உன்னைத்தான் அவனுக்குப் பிடிக்கும், அதை என்னிடம் சொல்லி நோகடிக்க வேண்டாம் என்று பெரிய மனசு பண்ணுகிறாய் என்று நினைத்தேன். உன் பெரிய மனசுதான் எனக்கு எப்போதும் தாங்காது.

நேற்று சௌந்தரராஜன் சார் என் வீட்டுக்கே வந்தார். நான் கார்டில் எழுதியதையே வாயாலும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"அம்மா, நீங்க புள்ளையைப் பெத்தவங்கதான். நான் நம்பறேன். ஆனா கோர்ட்டுல அம்மான்னு பொறுப்பு ஏத்துக்கிட்டது வேற ஒருத்தர்னு தெரிஞ்ச பிறகு நான் சும்மா இருக்க முடியாது. இருபத்தெட்டாம் தேதி நீங்க மூணு பேரும் வரணும். மறுபடி விசாரிச்சு முடிக்கற வரைக்கும் பையனை இல்லத்துல வைக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்றார்.

"வீட்டுக்குத்தானே அனுப்புவீங்க? எங்கிட்டத்தானே தருவீங்க?" என்று கேட்டேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பூட்டுத் தொங்கும் கதவு, அடுத்த வீட்டு வாசலில் ஜெயிலுக்குப் போன பையன்களின் தம்பிகள் உட்கார்ந்து சீட்டாடுவது, எல்லாவற்றையும் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உன்னிடமிருந்து பிடுங்கினேன். ஆனால் என் கைக்கு வரவில்லை.

இல்லத்திலிருந்து வந்த புதிதில் சாப்பிட உட்கார்ந்தாலும் யாராவது மணி அடிக்கட்டும் என்று காத்திருப்பான் என்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பார்த்த நம் ஊர்க் கருப்பாயி சொன்னாள். அந்த இடத்துக்கு அவனை நானே திருப்பி அனுப்புகிறேனா? அக்கா, திட்டு. நன்றாகத் திட்டு. திட்டிவிட்டு என்ன செய்வதென்று சொல்.

நாராயணி

*

பாரூர்,
19.6.1991

நாராயணி,

திட்டுவதற்குத் தெம்பில்லை. உன் மேல் வந்த கோபத்தில் ரெண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. அவன்தான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு எனக்கும் வாங்கி வந்தான்.

கார்டு போட்டதைக் கேட்டதும் உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நானே பெற்றேன், அவள் புத்தி பிசகிப் பேசுகிறாள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், அது ஒரு நாள்கூட நிற்காது. ஆனாலும் நினைத்தேன்.

சரி, இப்போது கேள். நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட்டிலிருந்து கூட்டி வந்த வாரம். கால்வாயில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவன் கரையில் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அத்தனை பேர் நடுவுல என்னைக் காட்டினியே சாமி" என்றேன். அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்:

"இல்லத்துல பசங்க சொன்னாங்கம்மா. நமக்குன்னு யாரு கையெழுத்துப் போடறாங்களோ, நாம எதனா தப்புப் பண்ணா அவங்களைத்தான் புடிச்சுக்கிட்டுப் போவாங்களாம். சின்னம்மாவைப் புடிச்சா கம்பெனியில வேலை போயிடும். அது தனியா இன்னா பண்ணும்? அதான் உன்னைக் காட்டினேன். உனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

அலசின புடவை தண்ணீரோடு கொஞ்ச தூரம் போய்விட்டது. அவன்தான் குதித்து எடுத்து வந்தான்.

புரிகிறதா? அம்மா என்று என்னைக் காட்டவில்லை. உனக்கு வரப்போகும் தொந்தரவு என் மேல் விழட்டும் என்று காட்டினான். உன்னைக் காப்பாற்றத்தான் என்னைத் தேடி எடுத்தான். அன்றைக்கு நீ வந்தபோது பஸ்சுக்கு நேரமாகவில்லையா என்று அவன் பிடுங்கி எடுத்ததும் அதற்குத்தான். நீ ஷிப்டுக்குப் போகாவிட்டால் சீட்டுக் கிழித்துவிடுவார்களாம். நீ போன பிறகு, பஸ் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்குமா என்று என் உயிரை வாங்கிவிட்டான்.

இதைச் சொன்னால் உனக்கு வயிறு நிறைந்துவிடும் என்றுதான் சொல்லவில்லை. புருஷனைப் பங்கு போட்டேன். பிள்ளையை நீ பெற்றாய். அவன் மனசும் உன் பக்கம்தான் என்று என் கையாலேயே எழுதித் தர வேண்டுமா என்று இருந்தது. அந்த விருந்தாளிச் சொம்பைக்கூட எடுத்துக் கொடுத்தது நான்தான். அவன் பாட்டுக்குக் குடத்துப் பக்கம் போனான். நான்தான், "சின்னம்மாவுக்கு இதுல குடு" என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி நான் சொல்கிறபடி செய். அம்மா யார் என்று கேட்டதும் நீ முன்னால் போய் நில். தலையை ஆட்டாமல் வாயைத் திறந்து பேசு. அம்மா என்று பொய்யாகக் கையெழுத்துப் போட்டது நான்தான், பிள்ளைக்கும் தங்கச்சிக்கும் அதில் சம்பந்தமில்லை என்று நான் சொல்லிவிடுகிறேன். அபராதமோ, ஜெயிலோ, என்ன போட்டாலும் என் மேல் போடட்டும். கறவை மாட்டைப் பக்கத்து வீட்டு மதுரைவீரன் கொட்டகையில் கட்டச் சொல்லிவிட்டேன்.

எதற்காக என்னைக் கை காட்டினானோ, அதற்கு நான் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

நஞ்சம்மா

*

ஓசூர்,
1.7.1991

அக்கா,

கோர்ட் வாசலில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு வருகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் நீ சொன்ன மாதிரியே எனக்கு வயிறு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை எனக்காக யோசித்திருக்கிறான் என்று லைன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன். ரெண்டு நாள் கம்பெனியில் நான் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரி, "என்னா நாராயணம்மா, போனஸ் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருந்தது. நீ கை கூப்பிக்கொண்டு, "தப்பு என்னோடதுங்க, என்னைப் புடிச்சுக்கங்க" என்று சொன்னாய். மாஜிஸ்திரேட் குரலை உயர்த்தினார். அப்போது அவன் ஓடினானே, பார்த்தாயா? நான் அவனுக்கு ஒரு முழ தூரத்தில்தான் நின்றேன். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் போய் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "எங்கம்மாவை விட்டுருங்க சார், நான் இல்லத்துக்கே போயிடறேன்" என்று கத்தினான். அந்தக் கைத்தறிப் புடவைக்காரம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்குத் திரும்பவும் எரிந்தது அக்கா. என்னைக் காப்பாற்ற அவன் யோசித்தான். உன்னைக் காப்பாற்ற யோசிக்கவே இல்லை, ஓடினான்.

அதனால்தான் மாஜிஸ்திரேட், "பெத்த அம்மா நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது எனக்கு நீ சொல்லிக் கொடுத்தது எதுவும் வரவில்லை. "பொறுப்பை என் பேர்ல எழுதிக்கங்க. அவன் எங்கக்கா வீட்டுலயே இருக்கட்டும். ரெண்டு பேரையும் பிரிக்காதீங்க" என்றேன். சொன்ன பிறகுதான், நானா சொன்னேன் என்று பார்த்தேன். சௌந்தரராஜன் சார் எழுந்து நின்று, பாரூர் வீடு நல்ல வீடு, மாதாமாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நமக்காகப் பேசினார். உன்னை எச்சரித்து விட்டதோடு போயிற்று.

ஆக, அவன் தப்புப் பண்ணினால் இனி என்னைத்தான் பிடிப்பார்கள். அதை அவனிடம் சொல்லி வை. அப்படியாவது ஒழுங்காக இருக்கட்டும்.

ஷிப்டு மாற்றிக் கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வருஷம் முடிந்ததும் அவன் எங்கே இருப்பது என்று நாம் மறுபடி சண்டை போடத்தான் போகிறோம். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நீயும் விடமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவன் தலையில் எண்ணெயைக் கம்மியாக வை. அந்தச் சொம்பைப் பரணிலேயே கவிழ்த்து வை. குடத்திலிருந்து நானே மொண்டு குடிக்கிறேன்.

நாராயணி